கடைசி ஆளின் கடிகாரம்: பல தரத்தவர் கலந்த ஒரு குழு சைக்கிள் ரைடின் நிகழ்வு ஆய்வு

கீழே வருவது ஒரு மாதிரி நிகழ்வு; குறிப்பிட்ட ஒரு குழுவின் ஒருநாள் அறிக்கை இல்லை. தேர்ந்தவர்களும் புதியவர்களும் சேர்ந்து போகும் ரைடுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் கோளாறுகளை ஒரே பாதையில், ஒரே காலைப்பொழுதில் கோத்து, நேரமும் தூரமும் ஒத்துவரும்படி அமைத்திருக்கிறோம். இதில் யாருக்கும் பெரிய காயம் இல்லை. எல்லோரும் முடித்தார்கள். ஆனால் புதிதாக வந்த மூன்று பேரில் ஒருவராவது இனி வரமாட்டார். எலும்பு முறிவைப் போலவே அதையும் ஒரு விபத்தாக எடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

நடந்தது

58 கி.மீ. வட்டப் பாதை. மொத்த ஏற்றம் சுமார் 420 மீட்டர். பெரிய ஏற்றம் ஒன்றுதான்: 24ஆவது கிலோமீட்டரில் தொடங்கி 28இல் முடிகிறது. நான்கு கிலோமீட்டரில் 200 மீட்டர், சராசரி 5 சதவீதம். நடுவில் 600 மீட்டர் தூரம் மட்டும் 9 சதவீதமாக நிமிர்கிறது. சராசரிக்குள் ஒளிந்திருந்த இந்த 600 மீட்டர் திட்டம் போட்டவர் கண்ணில் படவில்லை.

வந்தவர்கள் 16 பேர். நான்கு பேர் வாரம் 200 கி.மீ.க்கு மேல் மிதிப்பவர்கள். எட்டுப் பேர் வார இறுதியில் மட்டும் 40, 50 கி.மீ. ஓட்டுபவர்கள், மூன்று பேருக்கு 30 கி.மீ. தாண்டுவதே முதல் முறை. ஒருவர் மின் உதவி சைக்கிளில் வந்தார். நால்வரில் ஒருவர் லீடர். கடைசி ஆளாக வரும் ஸ்வீப் பொறுப்பை வார இறுதிக்காரர் ஒருவர், கிளம்பும் இடத்தில் கேட்டதும் ஏற்றுக்கொண்டார். அறிவிப்பு இரண்டு வரி: “சராசரி 21 கி.மீ. யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்.” காலை 6 மணிக்குக் கிளம்பி 9.15க்கு முடிப்பதாகத் திட்டம்.

கிளம்பியது 6.18. முதல் ஐந்து கிலோமீட்டர் பின்காற்றில் 27 கி.மீ. வேகம். 9ஆவது கிலோமீட்டரில் சிக்னல் விழுந்து குழு இரண்டாக உடைந்தது. முன்னே போன ஏழு பேருக்கு ஒன்றரை கிலோமீட்டர் வரை அது தெரியவில்லை. அவர்கள் நின்று, பின்னவர்கள் வந்து சேர ஐந்து நிமிடம் போனது. 14இல் நடுவரிசையில் பஞ்சர், 16 நிமிடம். 7.45க்கு ஏற்றத்தின் அடிவாரம். முதல் ஆள் 8.00க்கு உச்சி, கடைசி ஆள் 8.19க்கு, எல்லோரும் கிளம்பியது 8.22க்கு. 43ஆவது கிலோமீட்டரில், எதிர்காற்றில், சக்கரம் உரசி ஒருவர் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, பத்து நிமிடம். 46இல் புதியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் ஓரமாக இறங்கி நின்றுவிட்டார், பதினைந்து நிமிடம். முடிந்தது 10.24.

அறிவிப்பிலேயே இருந்த பிழை

“சராசரி 21” யாருடைய சராசரி? லீடர் மனதில் இருந்தது, சமதளத்தில், நிற்காமல், முன்வரிசை ஓடும் வேகம். புதியவர் காதில் விழுந்தது வேறு: “நான் தனியாகப் போகும்போதும் 21 வருதே.” அவர் தனியாகப் போவது 15 கி.மீ. தூரம், ஏற்றமே இல்லாத சாலையில்.

வேகம் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடினால் உழைப்பு எவ்வளவு கூடும் என்பதை எண்ணில் பார்க்காதவரை லீடர்களுக்கு இது உறைப்பதில்லை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, ஓரளவு நிமிர்ந்த உட்கார்வு, காற்றில்லாத சமதளம் என்று வைத்துக்கொள்வோம். 20 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 70 வாட் போதும். 25க்கு 115. 30க்கு 180. காற்றை எதிர்க்கும் உழைப்பு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால் இப்படி. நெடுநேரம் 110 வாட் தரக்கூடிய ஒருவருக்கு 22 சுகம், 25 விளிம்பு, 28 கடன். அந்தக் கடனை அவர் ஏற்றத்தில் அடைப்பார்.

“எவ்வளவு வேகமாகப் போவீங்க?” என்று கேட்டால் சரியான பதில் வராது. கேட்க வேண்டியவை வேறு. கடந்த ஒரு மாதத்தில் ஓட்டிய அதிகபட்ச தூரம் எவ்வளவு, அதற்கு எத்தனை மணி நேரம் ஆனது? வழியில் ஏற்றம் இருந்ததா, இறங்கித் தள்ள வேண்டியிருந்ததா? பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல்? பல் எண்ணத் தெரியாவிட்டால் படம் அனுப்பச் சொன்னால் போதும். இதய நோய், ஆஸ்துமா, நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பது போன்றவற்றைத் தனியாக, எழுத்தில் கேளுங்கள். கூட்டத்தில் நின்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நேரத்தைக் கடைசி ஆளை வைத்துப் போடுங்கள். அவரது ஓடும் சராசரி 18 என்றால் 58 கி.மீ.க்கு 3 மணி 13 நிமிடம். நிறுத்தங்களுக்கு 25, ஒரு பஞ்சருக்கு 15 சேர்த்தால் நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. அன்று உண்மையில் ஆனது 4 மணி 6 நிமிடம். அதாவது முன்வரிசை விரட்டியதால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. நேர்மையாகத் திட்டமிட்டிருந்தால் அதே நான்கு மணி நேரத்தில், யாரும் துவளாமல் முடித்திருக்கலாம்.

பாதையின் திசையும் இந்தத் திட்டத்தில் சேரும். வட்டப் பாதையில் முதல் பாதி பின்காற்று என்றால் மறுபாதி எதிர்காற்றுதான். முந்தைய இரவு காற்றின் திசையைப் பார்த்து, தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றை முடிக்கும்படி வட்டத்தைத் திருப்பிப்போட ஐந்து நிமிடம் ஆகாது. சரிவு விளக்கப்படத்தில் சராசரியை விட்டுவிட்டு, மிகச் செங்குத்தான அரைக் கிலோமீட்டர் எது என்று பாருங்கள். எங்கெங்கே குறுக்குவழியில் திரும்பிவிடலாம் என்பதையும் குறித்துவைத்து முன்கூட்டியே சொல்லுங்கள். இந்தப் பாதையில் ஏற்றத்துக்கு முன், 24இல் ஒன்று இருந்தது. லீடருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கிளம்பும் முன்

18 நிமிடத் தாமதத்துக்குக் காரணம் காற்றிறங்கிய ஒரு டயரும், முன்சக்கரத்தைச் சட்டத்தோடு இறுக்கும், சரியாக மூடாத ஒரு நெம்பும். இரண்டையும் கண்டுபிடித்தது நல்லதே. ஆனால் அறிவுறுத்தலை அதே நேரத்தில் சொன்னதால், காற்றடித்துக்கொண்டிருந்த நான்கு பேர் காதில் ஒன்றும் விழவில்லை.

சோதனையை ஆளுக்கு ஒரு நிமிடத்தில் முடிக்கலாம். இரு டயரையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். முன்பிரேக்கைப் பிடித்து முன்னே தள்ளுங்கள், பின்பிரேக்கைப் பிடித்துப் பின்னே இழுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் உரசுகிறதா என்று கேளுங்கள். அச்சு நெம்பு மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி செயினைப் பாருங்கள். கூடும் நேரம் 5.40 என்று அறிவித்து, 5.55 வரை சோதனை, பிறகு பம்பையெல்லாம் கீழே வைக்கச் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் அறிவுறுத்தல். இந்த வரிசை மாறக் கூடாது.

அந்த மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டியது: லீடர் யார், ஸ்வீப் யார் (இருவரும் கை தூக்கட்டும், ஸ்வீப் பளிச்சென்ற மேலுடுப்பில் இருக்கட்டும்), எங்கே நிற்போம், ஏற்றத்தில் அவரவர் வேகம், உச்சியில் சேர்வோம், லீடரைத் தாண்டக் கூடாது, சொல்லாமல் பிரிந்து வீட்டுக்குப் போகக் கூடாது. பிறகு குரல்கள்: “குழி”, “மெதுவா”, “நிக்கிறோம்”, “பின்னாடி வண்டி”, “பஞ்சர்”. ஒவ்வொருவரும் வாங்கி அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். கையைக் காட்டுவது கூடுதல் உதவிதான். புதியவருக்கு ஒரு கையை எடுப்பதே ஆபத்தாக இருக்கலாம், அவர் குரல் மட்டும் கொடுத்தால் போதும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதல் 14 கி.மீ.: வரிசை ஏன் இழுபடுகிறது

சமதளத்தில், மிதமான வேகத்தில் கடைசி ஆள் ஏன் மூச்சிரைக்கிறார் என்பது முன்னே போகிறவருக்குப் புரிவதே இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒற்றை வரிசையில் 16 பேர். சைக்கிள் 1.8 மீட்டர், இடைவெளி ஒரு மீட்டர்; ஆக, வரிசை சுமார் 45 மீட்டர். ஒரு திருப்பம் வருகிறது, எல்லோரும் 12 கி.மீ.க்கு இறங்கியாக வேண்டும். லீடர் திரும்பியதும் பழையபடி 25க்கு ஏறிவிடுகிறார். கடைசி ஆள் அந்தத் திருப்பத்தை அடைய இன்னும் 13 நொடி ஆகும். அதற்குள் லீடர் 90 மீட்டர் போயிருப்பார். 45 மீட்டர் வரிசை இரண்டு மடங்காகிவிட்டது. பழைய இடத்தைப் பிடிக்கக் கடைசி ஆள் 30 கி.மீ. வேகத்தில் அரை நிமிடத்துக்கு மேல், ஏறக்குறைய 270 மீட்டர் விரட்ட வேண்டும். இதற்கு 180 வாட். அவரிடம் இருப்பது 110. லீடருக்கு அது ஒரு திருப்பம், அவ்வளவுதான். கடைசி ஆளுக்கு அது ஒரு பந்தயம். 14 கி.மீ.யில் பதினோரு திருப்பமும் வேகத்தடையும் இருந்தால், பதினோரு பந்தயம் ஓடிவிட்டுத்தான் அவர் ஏற்றத்துக்கு வருகிறார்.

இதற்கு மருந்து லீடரின் காலில் இருக்கிறது. திருப்பம் தாண்டியதும் 15 கி.மீ.யிலேயே இருந்து, மனதுக்குள் இருபது எண்ணுங்கள். பிறகு மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில் மெல்ல ஏற்றுங்கள். ஸ்வீப்பிடமிருந்து “சேர்ந்தாச்சு” என்ற குரல் கைமாறி வந்தால் இன்னும் நல்லது. சட்டமும் சாலையும் இடம்கொடுக்கும் இடத்தில் இருவர் இருவராகப் போனால் வரிசை நீளம் பாதியாகிறது, இழுபடுவதும் பாதியாகிறது.

இரண்டாவது மருந்து, புதியவர்களின் இடம். “மெதுவாகப் போகிறவர்கள் பின்னால் வரட்டும்” என்று சொல்வதுதான் பெரும்பாலான குழுக்களின் வழக்கம். இரக்கத்தில் சொல்வதுதான், ஆனால் வரிசையிலேயே கொடுமையான இடம் அதுதான். அவர்களை மூன்றாம், நான்காம் இடத்தில் வையுங்கள். முன்னே இருவர் காற்றை மறைப்பார்கள், உழைப்பில் கால் பங்கு வரை மிச்சமாகும். இழுபடல் அவர்களை எட்டாது. முக்கியமாக, அவர்களின் மூச்சு லீடர் காதில் விழும். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. இரண்டு இரண்டு சொல்லாக உடைந்து வந்தால் ஒரு கிலோமீட்டர் குறையுங்கள். தலையாட்டல் மட்டும் வந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

முன்னே காற்றை வாங்கும் ஆள் மாறும்போதும் வேகம் ஏறும். புதிதாக முன்னே வருபவருக்குத் தன் பங்கைக் காட்டும் ஆசை இருக்கும். தானறியாமல் இரண்டு கிலோமீட்டர் கூட்டிவிடுவார். பக்கத்தில் வருபவரைவிட அரைச் சக்கரம் முன்னே நிற்பதும் இதே வேலையைச் செய்யும்: இவர் ஏற, அவர் சரிசெய்ய, மறுபடி இவர் ஏற, பத்து நிமிடத்தில் 22 போய் 26 ஆகிவிடும். வலுவானவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கூடுதல் தெம்பு இருந்தால் கூடுதல் நேரம் முன்னே இருங்கள், கூடுதல் வேகம் வேண்டாம்.

சிக்னலில் உடைந்ததற்குத் தனியாக ஒரு விதி இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்கள் பொறுப்பு. திரும்பிப் பார்த்து அவர் இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொருவரும் இதைச் செய்தால் செய்தி தானாக முன்னே போய்ச் சேர்ந்துவிடும், யாரும் கத்த வேண்டாம். பாதை திரும்பும் சந்திப்புகளில் லீடருக்கு அடுத்தவர் பாதுகாப்பான ஓரத்தில் நின்று வழி காட்ட வேண்டும். ஸ்வீப்பைக் கண்ணால் பார்க்கும்வரை அவர் நகரக் கூடாது. “எல்லாரும் போயிட்டாங்க போல” என்று கிளம்புவதுதான் இந்த முறை தோற்கும் ஒரே வழி. இந்த வேலை வலுவானவர்களுக்கு. நின்றுவிட்டு மறுபடி முன்வரிசையைப் பிடிக்க அவர்களால்தான் முடியும், அவர்கள் தேடிவந்த உடற்பயிற்சியும் அதிலேயே கிடைத்துவிடும்.

பஞ்சர்

ட்யூப் மாற்ற எட்டு நிமிடம் போதும். இங்கே 16 ஆனது, வால்வால். அந்தச் சைக்கிளின் ரிம் 50 மி.மீ. ஆழம், கையில் இருந்த மாற்று ட்யூபின் வால்வு 40 மி.மீ. உள்ளே போட்டு டயரை ஏற்றிய பிறகுதான் வால்வு வெளியே வரவில்லை என்று தெரிந்தது. எல்லாவற்றையும் கழற்றி, இன்னொருவரிடம் 60 மி.மீ. வால்வு வாங்கிப் போட்டார்கள்.

அவரவர் சைக்கிளுக்கான ட்யூபை அவரவரே கொண்டுவர வேண்டும். 700சி-யும் 29 அங்குலமும் ஒரே 622 மி.மீ. ரிம், 27.5 அங்குலம் 584. 26 அங்குல மவுன்டன் பைக் ரிம் 559. குழுவின் பையில் பிரெஸ்டா, ஷ்ரேடர் இரண்டு வால்வுக்கும் பொருந்தும் பம்பு, டயர் லீவர் மூன்று, ஒட்டுகள், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, டி25 நட்சத்திர முனைச் சாவி, செயின் கழற்றி, குழுவில் உள்ள செயின்களுக்கு ஏற்ற இணைப்புக் கண்ணிகள் (பின்னே 10 பல்சக்கரம் உள்ள சைக்கிளின் கண்ணி 11 உள்ளதற்குச் சேராது), டியூப்லெஸ் டயருக்குத் துளையடைக்கும் திரி, கையுறை, முதலுதவிப் பொட்டலம் இருக்கட்டும். பை ஸ்வீப்பிடம் இருக்க வேண்டும். பழுதான சைக்கிள் எப்போதும் பின்னால்தான் இருக்கும். புது ட்யூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்று தடவுங்கள். குத்தியது உள்ளேயே இருந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் இதே வேலை. மற்றவர்கள் சாலையை விட்டு முழுதாக இறங்கி நிற்க வேண்டும். இருவர் வேலை செய்தால் போதும்.

ஏற்றம்

அன்றைய நாள் கெட்டது இங்கேதான்.

முதல் ஆள் 16 கி.மீ. வேகத்தில் 15 நிமிடத்தில் ஏறினார்; அதற்கு 230 வாட் அளவு வேண்டும். கடைசியில் வந்தவரிடம் அதில் பாதிதான் உண்டு. மலையில் பின்னால் ஒட்டிக்கொண்டு போனாலும் பயனில்லை. வேகம் குறைவு, காற்று ஒரு பொருட்டே இல்லை, எடையும் சரிவும்தான் எல்லாம். சமதளத்தில் குழு ஒருவரை மறைத்துக் காப்பாற்றலாம். ஏற்றத்தில் முடியாது. அங்கே ஒவ்வொருவரும் தனி.

கடைசியில் வந்தவரின் சைக்கிளில் முன்னே 34, பின்னே பெரியது 28 பல். பெடல் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 2.55 மீட்டர். 8 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 52 சுற்று; முட்டியில் சுமை தெரியும், ஆனாலும் ஓட்டலாம். 9 சதவீதத்தில் அவர் வேகம் 5 கி.மீ.க்குக் கீழே, நிமிடத்துக்கு 30 சுற்று. அந்த வேகத்தில் சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே சிரமம். கால் பலவீனம் என்று அவர் நினைத்துக்கொண்டது உண்மையில் பல்சக்கரத்தின் கணக்கு. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஸ்வீப் மட்டும் பக்கத்தில் இருந்தார்.

“அக்கா, இன்னும் லேசான கியர் இருக்கா?”

“இல்ல தம்பி, இதுதான் கடைசி. நீங்க போங்க, நான் மெதுவா வந்துடுறேன்.”

“நான் எங்கயும் போகல. வளைவு வரைக்கும் இறங்கி நடப்போம். அதுக்கு மேல சரிவு குறையுது, அங்க ஏறிக்கலாம்.”

அவரும் இறங்கி நடந்தார். ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வட்டமிடவில்லை. அந்த நாளின் மிகச் சரியான முடிவு இது. “இன்னும் கொஞ்சம்தான்” என்ற பொய்யைச் சொல்லாமல், எங்கே ஏறலாம் என்ற செய்தியைச் சொன்னதையும் கவனியுங்கள்.

உச்சியில் நடந்ததுதான் குறை. 8.00க்கு வந்தவர் 22 நிமிடம் உட்கார்ந்து, தின்று, நீர் குடித்து, உடல் ஆறி, கொஞ்சம் சலித்தும் போயிருந்தார். 8.19க்கு வந்தவரை எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள். அன்பான கைதட்டல்தான். லீடர் கேட்டார்: “எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா? நீங்க ஓகேவா?” ஹெல்மெட் மாட்டி நிற்கும் பதினான்கு பேருக்கு முன்னால் “இல்லை” என்று சொல்ல யாராலும் முடியாது. “ஓகே” என்றார். அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்.

அதிகம் உழைத்தவருக்கு மிகக் குறைந்த ஓய்வு. குறைவாகக் களைத்தவருக்கு மிக நீண்ட ஓய்வு. “காத்திருக்கிறோம்” என்று நினைத்துக்கொண்டே குழுக்கள் செய்யும் அநியாயம் இது. நிறுத்தத்தின் நேரத்தைக் கடைசி ஆள் இறங்கி நின்ற நொடியிலிருந்து எண்ண வேண்டும். பெரிய ஏற்றத்துக்குப் பின் ஏழு நிமிடம். கேட்கவும் வேண்டாம், அறிவித்துவிடுங்கள்: “இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு, உட்காருங்க.” முன்னே வந்தவர்கள் தின்பது, மேலுடுப்பு போடுவது, ஒதுங்கிவருவது எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

காத்திருப்பைக் குறைக்க அடிவாரத்திலேயே ஒரு வழி உண்டு. எல்லோரும் சேர்ந்ததும் மெதுவானவர்களை, வலுவான ஒருவர் துணையோடு 12 நிமிடம் முன்னதாக ஏறவிடுங்கள். மற்றவர்கள் அங்கேயே ஓய்வெடுக்கட்டும். 15 நிமிடக்காரருக்கும் 34 நிமிடக்காரருக்கும் இருந்த 19 நிமிட இடைவெளி ஏழாகச் சுருங்கும். அதைவிடப் பெரிய லாபம், மெதுவானவர் வழிநெடுக ஆட்களைப் பார்த்துக்கொண்டே ஏறுவார், வெறும் சாலையில் தனியே தவிக்கமாட்டார். இதற்கு வழி தெரிந்த இருவர் வேண்டும், ஒருவர் முன்குழுவோடு, ஒருவர் பின்குழுவோடு. அகலமான, பார்வை மறையாத சாலை என்றால் வலுவானவர்கள் உச்சி தொட்டுவிட்டு இறங்கிவந்து கடைசி ஆளோடு மறுபடி ஏறலாம். வளைவுகள் உள்ள குறுகிய சாலையில் இது வேண்டாம். முதுகில் கைவைத்துத் தள்ளுவது, பழகாதவரிடம், எங்கேயும் வேண்டாம்.

மின் உதவிக்காரர் அன்று முதல் நால்வரோடு ஏறிவிட்டார். அவரை முன்னுக்கும் பின்னுக்கும் செய்தி கொண்டுபோகும் ஆளாக்கியிருக்கலாம். பேட்டரி மீதம் எவ்வளவு என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இறக்கம்

இங்கே வரிசை தலைகீழ். இறக்கத்தில் பழகியவர்கள் முதலில், ஐந்தாறு நொடி இடைவெளியில் ஒவ்வொருவராக, முந்தாமல். பழகாதவர் பின்னால், ஸ்வீப் தூரத்தில். அடியில் எல்லோரும் சேர வேண்டும். ஒரு நொடியில் சுதாரித்து, உலர்ந்த சாலையில் நிதானமாகப் பிரேக் பிடித்தால் 20 கி.மீ.யிலிருந்து நிற்க ஏறத்தாழ 10 மீட்டர், 40இலிருந்து 26 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் இரண்டரை மடங்குக்கு மேல். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள், வளைவுக்குள் கடுமையாகப் பிடிக்க வேண்டாம். மூன்று நிமிட ஓய்வோடு இறங்கியவரின் கைகள் பிரேக் பிடித்தே மரத்துவிட்டன. அவர் தப்பித்தது நல்லநேரம்.

எதிர்காற்றும் அந்த விழுதலும்

38ஆவது கிலோமீட்டரிலிருந்து மணிக்கு 15 கி.மீ. எதிர்காற்று. 17 கி.மீ. வேகத்தில் போகவே 110 வாட்டுக்கு மேல். காற்றில்லாத சமதளத்தில் ஏறக்குறைய 25 போகும் உழைப்பு. வேகமானியில் 17ஐப் பார்த்த வலுவானவர்கள் மெதுவாகத்தான் போகிறோம் என்று நம்பினார்கள். காற்றில் எண்ணைப் பார்க்காதீர்கள், மூச்சைக் கேளுங்கள்.

காற்று சற்றுப் பக்கவாட்டில் திரும்பியதும், மறைவு தேடி ஒவ்வொருவரும் முன்னவரின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். ஒருவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பத்து அங்குலம் ஏறியிருந்தது. முன்னவர் ஒரு குழியைத் தவிர்க்கச் சற்று ஒதுங்க, சக்கரங்கள் உரசின. இப்படி உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னவர்தான்: முன்சக்கரம் மாட்டிக்கொண்டால் ஹேண்டிலைத் திருப்பிச் சமநிலை பிடிக்க வழி இல்லை. முன்னவருக்குப் பின்சக்கரத்தில் ஒரு தட்டு, அவ்வளவே. புதியவர்களிடம் ஒன்றே ஒன்றைச் சொல்ல நேரமிருந்தால் இதைச் சொல்லுங்கள்: எந்தச் சக்கரத்தையும் பக்கவாட்டில் கடந்து நிற்காதீர்கள். கண் முன்னவரின் இடுப்பிலோ தோளிலோ இருக்கட்டும், சக்கரத்தில் வேண்டாம்.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்த நான்கு பேர் ஓடினார்கள். தவறு. முதலில் ஒருவர் 50 மீட்டர் பின்னே போய் வண்டிகளை எச்சரிக்க வேண்டும், ஒருவர் மட்டும் அவரிடம் பேச வேண்டும். கழுத்தில் வலி, கை கால் மரத்தல் இருந்தால் அசைக்காமல் அவசர உதவியை அழையுங்கள். தலை அடிபட்டிருந்தால், தலைவலி, குமட்டல், தடுமாற்றம், கேட்டதையே திரும்பக் கேட்பது இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அவர் அன்று மறுபடி சைக்கிளில் ஏறக் கூடாது. அடிவாங்கிய ஹெல்மெட்டை மாற்றியாக வேண்டும்.

46ஆவது கிலோமீட்டர்

நின்றுபோனவர் வைத்திருந்தது ஒரே ஒரு 500 மி.லி. பாட்டில். 30இல் காலி. உச்சியில் நிரப்ப நீர் இருந்தது, மூன்று நிமிடத்தில் அவர் நிரப்பவில்லை. தின்றது எதுவும் இல்லை. வெதுவெதுப்பான காலையில் மணிக்கு 500 முதல் 750 மி.லி. நீர், ஒன்றரை மணி நேரம் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பரவலான கணக்கு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

இது திடீரென்று நடப்பதில்லை. முதலில் பேச்சு நிற்கும். பிறகு “குழி” என்ற குரலைக் கடத்தமாட்டார். கோடு நேராக இராமல் ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி அலையும். கேள்விக்குப் பதில் தாமதமாக வரும். 40இலிருந்தே இவை எல்லாம் இருந்தன. ஸ்வீப் பார்த்தார், லீடருக்குச் சொல்ல வழி இல்லை, எண் வாங்கியிருக்கவில்லை. நிழலில் உட்காரவைத்து, இனிப்பான பானமும் தின்பண்டமும் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து 16 கி.மீ. வேகத்தில் கூட்டிவந்தார்கள். அதைச் சரியாகச் செய்தார்கள். நிறுத்தத்தில் “தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்காமல், பாட்டிலைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருந்தால் 28இலேயே தெரிந்திருக்கும்.

அடுத்த ரைடுக்கு முன்

ஸ்வீப்பை முந்தைய நாளே முடிவு செய்ய வேண்டும். வலுவான நால்வரில் ஒருவராக, பழுது பார்க்கத் தெரிந்தவராக, அன்று தன் வேகத்தை மறந்துவிடச் சம்மதித்தவராக இருக்கட்டும். குழுவிலேயே இரண்டாவது பெரிய பொறுப்பு அது. எங்களைக் கேட்டால் முதலாவது. லீடருக்கும் ஸ்வீப்புக்கும் காதில் ஒலிக்கும் ரேடியோ இருந்தால் நல்லது, இல்லையென்றால் இருவர் எண்ணும் இருவரிடமும், மணியொலி கேட்கும் நிலையில். ரைடு முடிந்ததும் ஸ்வீப் மூன்று நேரங்களைக் குறிக்க வேண்டும்: ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் ஆள் வந்தது, கடைசி ஆள் வந்தது, கிளம்பியது. கடைசி இரண்டுக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக எங்கே இருந்தாலும் அங்கே திட்டம் தவறு.

9 சதவீதத்தில் நடந்தே ஏறியவரிடம் அன்று மாலையே லீடர் தனியாகப் பேச வேண்டும். பாராட்டுக்காக அல்ல, பல்சக்கரத்துக்காக. பின்னே 28க்குப் பதில் 34 பல் போட்டால், அதே காலுக்குப் பெடல் ஒரு சுற்றில் 2.1 மீட்டர், அதே வேகத்தில் சுழற்சி ஐந்தில் ஒரு பங்கு கூடும், முட்டியின் சுமை அந்த அளவு இறங்கும். செயினைப் பல்சக்கரம் மாற்றும் டிரெய்லியரில், செயினை இழுத்துப்பிடிக்கும் கூண்டு குட்டையானது என்றால் பெரும்பாலும் 34ஐத் தாங்காது. நீளக் கூண்டு மாற்றி, செயினையும் சற்று நீளமாகப் போட வேண்டியிருக்கும். சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லி, கூண்டைப் பார்த்து, தேவையான பாகங்களை எழுதிக்கொடுத்துவிடுங்கள்.